ஐந்தாவது கேள்வி

அந்தக் கண்ணாடிக் கடையில் எல்லோரும் அவரை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள், முதலாளி உட்பட. வேலையைப் பார்த்து வைத்த பெயர் இல்லை அது. வேலையில் அவரைப் போல நிதானமான ஆளை அந்தத் தெருவிலேயே பார்க்க முடியாது. கடையின் பின்னால் ஆறடிக்கு எட்டடியில் ஓர் அறை. இருபத்தொரு வருடமாக அங்கே உட்கார்ந்து லென்ஸை பிரேமுக்குத் தக்கபடி அரைத்துக் கொடுக்கிறார். சீட்டில் எழுதியிருக்கும் கோணத்தை ஒரு முறை படித்து, லென்ஸில் புள்ளி வைத்து, மறுபடியும் சீட்டைப் பார்த்து, மூன்றாவது முறையும் சரிபார்த்த பிறகுதான் இயந்திரத்தில் மாட்டுவார். வெளியே வாடிக்கையாளர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பார். "அவர்கிட்ட கொடுத்தா லேட்டாகும் சார். ஆனா போட்டதுக்கப்புறம் திரும்பி வர மாட்டீங்க" என்று கல்லாவில் இருப்பவர் சமாதானம் சொல்வார்.

மின்னல் என்ற பெயர் கைப்பேசியால் வந்தது.

அவரிடம் பழைய சின்னக் கார் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வருடமும் அதன் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க ஓர் ஏஜென்டின் பின்னால் அலைவார். ஏஜென்ட் இன்று வா நாளை வா என்பார். ஒரே தாளில் நாலு இடத்தில் கையெழுத்து வாங்குவார். ஒரு வருடம் அலைந்து அலுத்து வீட்டுக்கு வந்து புலம்பியபோது, பள்ளியில் கடைசி வகுப்பு படிக்கும் மகள் அவர் கைப்பேசியை வாங்கி ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். வண்டி எண்ணை அடித்தால் வண்டியின் விவரமெல்லாம் தானாக வந்து நின்றது. ஏழெட்டுக் கேள்விகள். பதில் சொல்லி முடித்ததும் ஒன்பது கம்பெனிகளின் கட்டணம் வரிசையாக வந்து விழுந்தது. வேண்டியதைத் தொட்டுப் பணம் கட்டினால் பத்திரம் மின்னஞ்சலில் வந்துவிடும். மனைவி போட்டு வைத்த டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் கடையில் இதைச் சொன்னார். கல்லாக்காரர் நம்பவில்லை. "எங்க, என் வண்டிக்குப் போடுங்க பாப்போம்" என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு நிமிடம். அன்று பிறந்ததுதான் மின்னல்.

அதற்குப் பிறகு பிரேம் விற்கும் பெண் தன் அண்ணனுடைய வண்டிக்காகக் கேட்டாள். பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்தார். முதலாளியின் மச்சான் வந்தார். இரண்டு வருடத்தில் பதினோரு பேருக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. அவருக்குக் கிடைத்தது வேறு. இருபது வருடமாக அந்தப் பின்னறைக்குள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தாலும், "முடிஞ்சுதா?" என்று கேட்கத்தான். இப்போது டீ வேளையில், "மின்னல், கொஞ்சம் வெளிய வாங்க, உங்களைத் தேடி ஆள் வந்திருக்கு" என்று கூப்பிட்டார்கள். எல்லோரும் சுற்றி நிற்பார்கள், ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார், இவர் விரல் ஓடும். "மனுஷன் என்னமா அடிக்கிறாரு பாருங்க" என்று யாராவது சொன்னால் உச்சி குளிர்ந்துவிடும். இது தனக்கு இவ்வளவு தேவைப்பட்டது என்று அப்போது அவருக்கே தெரியாது.

கடையில் கண் பரிசோதனை செய்பவரை எல்லோரும் அக்கா என்பார்கள். ஐம்பத்தைந்து வயது. கண்டிப்பானவர், ஆனால் மின்னலிடம் மட்டும் தனி வாஞ்சை. தான் எழுதும் சீட்டுக்கு மரியாதை கொடுத்து அரைக்கும் ஆள் இவர் ஒருவர்தான் என்பார். அவரை 'தம்பி' என்று கூப்பிடுபவரும் அந்தக் கடையில் அக்கா மட்டும்தான். அவருடைய கணவர் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் பாதிதான் வேலை செய்தன. வாரத்தில் மூன்று நாள் அக்கா தன் காரில் அவரை உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப் போய், வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்கு வருவார்.

ஒரு திங்கட்கிழமை டீ வேளையில் அக்கா வந்து நின்றார். "தம்பி, இன்னும் ரெண்டு நாள்ல என் வண்டி இன்சூரன்ஸ் முடியுது. எங்க ஏஜென்ட் ஊரை விட்டே போயிட்டாராம். நீதான் போட்டுக் கொடுக்கணும்."

"ரெண்டு நாள் எதுக்குக்கா? ரெண்டு வாய் டீ குடிங்க, அதுக்குள்ள முடிஞ்சுடும்."

கல்லாக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, "ஆரம்பம்" என்றார்.

முதல் கேள்வி, வண்டி யார் பெயரில். இரண்டாவது, வண்டி நிற்கும் இடம். மூன்றாவது, சொந்த உபயோகமா, வாடகைக்கா. நாலாவது, யார் ஓட்டுவது. அக்கா ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். நாலாவது கேள்வி முடியும்போது உள்ளே ஒரு பெரியவர், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்தவர், "அம்மா, எரியுதும்மா" என்று குரல் கொடுத்தார். அக்கா டம்ளரை வைத்தார். "கொஞ்சம் இரு தம்பி. வந்து மிச்சத்தைச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

ஐந்தாவது கேள்வி திரையில் வந்து நின்றது. போன வருடம் இந்த வண்டிக்கு இழப்பீடு ஏதாவது வாங்கினீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

"மூணு நிமிஷம் ஆச்சு மின்னல்" என்றார் கல்லாக்காரர். "இன்னிக்குப் பேரு போயிடும் போலிருக்கே."

பிரேம் விற்கும் பெண் சிரித்தாள். மின்னல் ஒரு கணம் அக்கா போன கதவைப் பார்த்தார். பிறகு 'ஆம்' என்பதைத் தொட்டார். கீழே கட்டணம் ஏறியது. 'இல்லை' என்பதைத் தொட்டார். சரசரவென்று இறங்கியது. கல்லாக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அடேங்கப்பா, என்னோடதை விடக் கம்மியா!" என்றார்.

மின்னல் அதை அப்படியே விட்டுவிட்டார். அக்கா அளந்து அளந்து ஓட்டுகிறவர், அவர் எங்கே இடித்திருக்கப் போகிறார் என்று ஒரு நினைப்பு. வந்ததும் கேட்டுக்கொண்டால் போயிற்று என்று இன்னொரு நினைப்பு. இரண்டும் சேர்ந்து மிச்சக் கேள்விகளையும் தாண்டி அவரைக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டன. 'மேலே சொன்னதெல்லாம் உண்மை' என்ற வரிக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதிலும் அவரே டிக் போட்டார்.

அக்கா திரும்பி வந்தபோது பணம் கட்டும் பக்கம் திறந்திருந்தது. "அதுக்குள்ளயா?" என்று ஆச்சரியப்பட்டு, தன் கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்கத்தை வாசித்தார். மின்னல் அடித்தார். பச்சை டிக் வந்தது. "நாலு நிமிஷம் பத்து செகண்டு" என்று கல்லாக்காரர் அறிவித்தார். அக்கா, "நல்லா இருப்ப தம்பி" என்றார். கேட்க நினைத்ததை மின்னல் கேட்கவில்லை. கேட்டு, அக்கா 'ஆமா' என்று சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். அத்தனை பேர் முன்னால் அந்தக் குறைந்த கட்டணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏழு மாதம் கழித்து ஒரு பெரிய காற்று அடித்தது. சிகிச்சை நிலையத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த அக்காவின் கார் மேல் ஒரு மரக்கிளை முறிந்து விழுந்தது. அக்காவும் கணவரும் உள்ளே இருந்ததால் தப்பித்தார்கள். கூரை நசுங்கி முன்கண்ணாடி தூள் தூளாகிவிட்டது. மறுநாள் அக்கா படத்தைக் காட்டி, "ஆள் தப்பிச்சோமே, அது போதும். நல்ல வேளை, நீ போட்டுக் கொடுத்த இன்சூரன்ஸ் இருக்கு" என்றார். மின்னலுக்குப் பெருமை தாங்கவில்லை. இழப்பீட்டு விண்ணப்பத்தையும் தானே செயலியில் போட்டுக் கொடுத்தார். "ஏஜென்டா இருந்தா இந்நேரம் பாரம் தேடிட்டிருப்பான்" என்று பேசியது கூட அவருக்கு நினைவிருக்கிறது. அந்தக் கேள்வி அன்று மனதின் எந்த மூலையிலும் இல்லை.

பத்தாம் நாள் மதியம். கடையில் கூட்டமில்லை. பரிசோதனை அறைக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அக்கா போனில் பேசுவது காதில் விழுந்தது.

"ஆமாங்க, நான்தான் பேசறேன்... போன வருஷமா? ஆமா, ஒண்ணு வாங்கினோம். கேட் தூண்ல இடிச்சது... என்னது? இல்லைன்னு நானா சொன்னேன்? நான் எதுக்குங்க அப்படிச் சொல்லப் போறேன்?"

மின்னலின் கையில் லென்ஸ் இருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திப் பார்த்தபோது கோணம் தவறிப் போயிருந்தது. பல வருடங்களில் அவர் கெடுத்த முதல் லென்ஸ்.

சிறிது நேரத்தில் அக்கா பின்னறை வாசலுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. "விண்ணப்பத்துல பொய் சொல்லியிருக்கீங்க, ஒண்ணும் தர முடியாதுங்கறான் தம்பி. அன்னைக்கு அந்தக் கேள்விக்கு நான் என்ன சொன்னேன்? உனக்கு ஞாபகம் இருக்கா?"

சொல்வதற்கு அதை விட நல்ல நேரம் அதற்குப் பிறகு வரவே இல்லை. அக்கா கேட்டே விட்டார். சுற்றிலும் யாருமில்லை. மின்னல் கெட்டுப்போன லென்ஸை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"ஞாபகம் இல்லைக்கா."

அக்கா நெற்றியைத் தேய்த்தார். "அந்தப் பெரியவர் எரியுதுன்னு கத்திட்டிருந்தார். அந்த அவசரத்துல நான்தான் எதையோ உளறியிருக்கேன் போலிருக்கு. உன் மேல தப்பில்லை. நீ கேட்டிருப்ப."

"இருக்கலாம்க்கா" என்றார் மின்னல்.

ஞாபகம் இல்லை என்று சொன்னதைக் கூட ஒரு விதத்தில் தனக்குள் சமாளித்துவிட்டார். அந்த 'இருக்கலாம்' மட்டும் பிறகு எத்தனையோ நாள் சாப்பிட உட்காரும்போது, சட்டை மாட்டும்போது, சும்மா நடக்கும்போது நினைவுக்கு வந்து உடம்பைக் கூச வைத்தது.

அக்கா பஸ்ஸில் வர ஆரம்பித்தார். ஒரு நாள் காலை மின்னல் காரில் வந்துகொண்டிருந்தபோது சிக்னலில் நிற்க வேண்டியதாயிற்று. எதிரே பஸ் நிறுத்தம். தூறல். அக்கா ஒரு கையில் குடையும் ஒரு கையில் கணவருமாக நின்றிருந்தார். பஸ் வந்தது. படி உயரம். அக்கா குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து, கணவரின் இடது காலை இரண்டு கையாலும் தூக்கிப் படிமேல் வைத்தார். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய மனிதர் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நிற்பவர்களைப் பார்க்காமல், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மின்னலின் காரில் மூன்று இருக்கைகள் காலியாக இருந்தன. ஒரு ஹாரன் அடித்தால் போதும். அவர் செய்ததோ, ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றியதுதான்.

அடுத்த வாரம் அக்காவின் கணவர் கடைக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியின் கால் தளர்ந்திருந்தது. அக்கா உள்ளே வேலையாக இருந்தார். மின்னல் அவரை மாமா என்று கூப்பிடுவார். பின்னறையிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, திருகாணியை முடுக்கினார். மாமா மூன்று கால் ஊன்றுகோலை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார்.

"முப்பத்தொரு வருஷம் ஓட்டினேன் தம்பி. ஒரு கீறல் கிடையாது. ரிட்டயர் ஆன அன்னிக்கு மாலை போட்டு அதைத்தான் சொன்னாங்க. போன வருஷம் கடைக்குப் போகலாம்னு காரை எடுத்தேன். இடது கால் கிளட்ச் மேல இருக்குன்னு நினைச்சேன். இல்லை. கேட் தூண்ல போய் நின்னது வண்டி. அப்புறம்தான் டாக்டர் சொன்னார், அதுதான் முதல் அட்டாக்னு. அன்னிக்கே சாவியை உங்க அக்கா கையில கொடுத்துட்டேன்."

மின்னல் திருகாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைத்தான் இவ மறைச்சிருக்கா. இடிச்சதே இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கா. பணம் போனா போகுது. என் புருஷன் காரை இடிச்சான்னு ஒரு பாரத்துல எழுதறதுக்குக் கூட வெக்கமா இருந்திருக்கு இவளுக்கு. கேட்டா, நான் அப்படிச் சொல்லவே இல்லைங்கறா. அப்புறம், சொன்னேனோ என்னவோங்கறா. முப்பது வருஷத்துல எங்கிட்ட பொய் சொன்னதில்லை தம்பி." ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "எக்சர்சைஸும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஒரு வாரமாப் போகலை. வெக்கப்படறவளை எதுக்குப் பஸ்ல இழுத்துட்டுத் திரியணும்?"

மின்னல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

"என்ன தம்பி, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்லை மாமா. டைட்டா இருக்கா பாருங்க."

மாமா போட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, நல்ல கையால் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தோளை மின்னலால் அன்று முழுவதும் மறக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி மழலையர் பள்ளியில் வேலை பார்ப்பவர். கலர் காகிதங்களைக் கத்தரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டார். இரண்டு பொத்தானையும் தொட்டுப் பார்த்ததை மின்னல் கடைசியில்தான் சொன்னார்.

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க."

"விலை குறையறதுதான் தெரியும். அவங்க இடிச்சது தெரியாது."

"கேட்டா தெரிஞ்சிருக்கும்ல?"

கத்தரிக்கோல் கொஞ்ச நேரம் சத்தமிட்டது. "நீங்களா சொல்லலைன்னா இது யாருக்கும் தெரியப் போறதில்லை, இல்ல?" என்றார் மனைவி.

மின்னல் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியில் ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது. அதற்குள் புகுந்துவிட மனம் எவ்வளவு வேகமாகப் பாய்ந்தது என்பதை நினைத்தால் இன்றும் அவருக்கு முகம் சுருங்கும். "தெரியாது" என்றார்.

"ஆனா இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றார் மனைவி. "இனிமே அவங்களைப் பாத்தா நானும் சேர்ந்து நடிக்கணும். எனக்கு அதெல்லாம் வராதுங்க."

அந்த வார விடுமுறையன்று காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனார். தரைத்தளத்தில் சின்ன வீடு. வாசலில் கார் நின்றது, நசுங்கிய கூரைமேல் தார்ப்பாய் கட்டியிருந்தது. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். மாமா ஜன்னலோரம் நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார். இருவருக்கும் நடுவில் அந்த அறையின் முழு நீளம் இருந்தது.

"வா தம்பி. என்ன, சொல்லாம கொள்ளாம? உட்காரு, டீ போடறேன்."

"வேண்டாம்க்கா. நான் நின்னுட்டே சொல்லிடறேன்."

வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தார். ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. "அந்த இன்சூரன்ஸ் பாரத்துல அஞ்சாவது கேள்விக்கு நீங்க பதிலே சொல்லலைக்கா. வந்து சொல்றேன்னு சொல்லிட்டு உள்ள போனீங்க. நானா 'இல்லை'ன்னு அமுக்கிட்டேன். நேரம் ஆகுதுன்னு எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க. 'ஆமா' அமுக்கினா காசு ஏறுச்சு. 'இல்லை' அமுக்கினா இறங்குச்சு. அப்படியே விட்டுட்டேன். உங்ககிட்ட கேக்கவே இல்லை. அப்புறம் நீங்க வந்து கேட்டப்ப ஞாபகம் இல்லைன்னு சொன்னதும் பொய்தான்."

மடித்துக்கொண்டிருந்த துணி அக்கா கையிலேயே நின்றது. ஆனால் முதலில் பேசியது மாமா. அவர் மின்னலின் பக்கமே திரும்பவில்லை, மனைவியைப் பார்த்தார்.

"அப்ப நீ சொல்லலையா?"

"சொல்லலை, சொல்லலைன்னு தினமும்தானே சொல்லிட்டிருக்கேன். நம்பினீங்களா? என் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. உளறிட்டேனோ, மறந்துட்டேனோ, எனக்கும் மூளையில ஏதாவது கோளாறோன்னு."

மாமா செய்தித்தாளைக் கீழே வைக்கப் பார்த்தார், அது நழுவித் தரையெல்லாம் பரவியது. மின்னல் குனிந்து பொறுக்கினார். குனிவதற்கு ஒரு காரணம் கிடைத்தது அவருக்கு நிம்மதியாக இருந்தது.

"அதை விடு" என்றார் மாமா. "அன்னிக்குக் கடையில உன்கிட்ட மனசு விட்டுச் சொன்னேனே. எல்லாத்தையும் கேட்டுட்டுக் கண்ணாடியைத் துடைச்சுட்டிருந்தியே. வாயைத் திறக்கலையே நீ."

"பயமா இருந்துச்சு மாமா."

"எதுக்குப் பயம்? இந்தக் கையை வெச்சுட்டு உன்னை நான் அடிக்கவா போறேன்?"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா கையிலிருந்த துணியை மடித்து முடித்து, அடுக்கின் மேல் வைத்து, விளிம்பைச் சரிசெய்தார். "இரு, வந்து சொல்றேன்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"பதினெட்டு வருஷமா என் சீட்டை மூணு தடவை பாக்கற ஆளுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன். கண்ணு தெரியாதவன் கண்ணை நம்பி உன்கிட்ட கொடுக்கலாம்னு." துணி அடுக்கைத் தூக்கி அலமாரியில் வைத்தார். "கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடு, நடந்தது நடந்தபடி. நாளைக்குக் கடையில எல்லாருக்கும் நீயே சொல்லிடு. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். இப்ப கிளம்பு" என்றார். டீ பற்றி மறுபடி பேச்சில்லை.

மறுநாள் டீ வேளையில் சொன்னார். யாராவது ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் ஏசவில்லை. கல்லாக்காரர் டம்ளரை வைத்துவிட்டு, தன் கைப்பேசியை எடுத்து, தன்னுடைய பத்திரத்தைத் தேடித் திறந்து வரி வரியாகப் படிக்கத் தொடங்கினார். பிரேம் விற்கும் பெண் அண்ணனுக்குப் போன் போட்டாள். மின்னல் அங்கேயே நின்றார். அவர்கள் படித்து முடிக்கும் வரை பின்னறைக்குப் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "நான் போட்டுக் கொடுத்ததை ஒரு தடவை சரிபாக்கணும்" என்று சொல்லி, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்துக் கேட்டார். இரண்டு தவறாக இருந்தன. பிரேம் விற்கும் பெண்ணின் அண்ணன் காரில் சரக்கு ஏற்றிப் போகிறவர். சொந்த உபயோகம் என்று இருந்தது. மருந்துக்கடைக்காரரின் வண்டியை அவர் மகனும் ஓட்டுகிறான்; அவர் மட்டும் என்று இருந்தது. திருத்தப் போனபோது கூடுதலாகக் கட்ட வேண்டி வந்தது. "குறைச்சலா இருக்குன்னு அன்னைக்குக் கையைப் பிடிச்சுக் குலுக்கினேனே உன்னை!" என்றார் மருந்துக்கடைக்காரர். மின்னல் தலையாட்டினார்.

கம்பெனிக்கு எழுதிய கடிதத்துக்கு ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. யார் தட்டச்சு செய்திருந்தாலும் விண்ணப்பத்துக்கு வண்டியின் உரிமையாளரே பொறுப்பு என்று இரண்டே வரி. மின்னல் அதைப் படித்துவிட்டு, "செலவு என்னோடதுக்கா" என்றார். அக்கா அவரை நேராகப் பார்த்து, "வேண்டாம்னு சொல்வேன்னு எதிர்பாக்காத. எனக்கு அந்த வண்டி வேணும்" என்றார். மின்னலுக்கு அந்தப் பேச்சு ஓர் உதவி போலவே இருந்தது.

பட்டறைக்காரர் உதிரி பாகம் வர இரண்டு மாதமாகும் என்றார். அதுவரை வாரத்தில் மூன்று நாள் காலை மின்னல் தன் காரில் இருவரையும் சிகிச்சைக்குக் கூட்டிப் போனார். மாமா முன்னால் உட்காருவார். அக்கா பின்னால் ஜன்னலைப் பார்த்தபடி வருவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். மாமாவோ முதல் வாரம் உம்மென்று வந்தவர், இரண்டாம் வாரம் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டார்.

"கிளட்ச் மேல எதுக்குக் காலை வெச்சுட்டே ஓட்டற? அது என்ன, கால் வெக்கற பலகையா?"

"சரி மாமா."

"திரும்பறப்ப கண்ணாடியைப் பாரு. கண்ணாடிக் கடையிலதானே வேலை பாக்கற?"

பின்னாலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. அக்கா சிரித்தாரா, இருமினாரா என்று மின்னலுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

மாமாவின் கால் கொஞ்சம் தேறியது. சிகிச்சை நிலையத்தின் மூன்று படிகளைக் கம்பியைப் பிடித்துத் தானே ஏறினார். அக்காவின் கார் தயாரானதும் பட்டறைக்குப் பணம் கொடுப்பதற்காக மின்னல் தன் காரை விற்றார். வாங்க வந்தவரிடம் கிளட்ச் தேய்ந்ததையும், மழையில் பின்கதவு ஒழுகுவதையும், அவர் கேட்காத இன்னும் நாலு குறையையும் தானே சொல்லி வைத்தார். வந்தவருக்கு இந்த ஆளைப் பார்த்துச் சந்தேகமே வந்துவிட்டது. வேறென்ன மறைக்கிறார் என்று வண்டியை மூன்று தடவை சுற்றிச் சுற்றிப் பார்த்து, விலையை அடித்துக் குறைத்து எடுத்துக்கொண்டு போனார்.

கடையில் மின்னல் என்ற பெயர் தானாக விழுந்துவிட்டது. யாரும் பேசி முடிவெடுத்ததில்லை, கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். "லென்ஸ் ஆச்சா?" என்று பலகைத் தடுப்பைத் தட்டிக் கேட்கிறார்கள். அக்கா சீட்டை எழுதி எப்போதும் போல அவரிடமே கொடுக்கிறார். வேலை பற்றிப் பேசுகிறார், மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டால் சொல்கிறார். ஆனால் கைப்பேசியில் ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் பிரேம் விற்கும் பெண்ணிடம்தான் போகிறார்.

மகளிடம் சொல்வதைத்தான் அவர் கடைசி வரை தள்ளிப் போட்டார். கார் போன மறுநாள் வாசல் வெறுமையாக இருப்பதைப் பார்த்து அவள் கேட்டாள். பெட்ரோல் செலவு மிச்சம் என்று ஏதோ சொல்லப் பார்த்தார். உள்ளே மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியது கேட்டது. பிறகு உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல், 'இருக்கலாம்க்கா' என்று சொன்னது வரை சொன்னார். மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அந்தச் செயலியை அப்பாவின் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தது தான்தான் என்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"அவங்க உன்னைத் திட்டினாங்களாப்பா?"

"பெருசா ஒண்ணும் திட்டலைம்மா."

"திட்டியிருக்கலாம்ப்பா" என்றாள் அவள்.

அவர் ஆமாம் என்று தலையசைத்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.